ரேந்தையில் நூல் செல்லும் வழி

லேஸ் என இன்று வழங்குவதைப் போர்த்துக்கீசியச் சொல்வழியே ரேந்தை என்றனர் நம் முன்னோர். பழைய ஆடைகளிற் காணும் ரேந்தை கைவேலையோ, இயந்திர வேலையோ என அறிவதெங்ஙனம்? பிழையுடையது கைவேலை, பிழையற்றது இயந்திர வேலை என்பர் பலர். அஃது யாம் உடன்படுவதன்று. தேர்ந்த கை பிசகின்றிப் பின்னும். இயந்திரத்திலும் நூல் அறும். ஆதலின் நூல் செல்லும் வழியை நாடுதலே முறையாம். அதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும்.

கைரேந்தையுள் மூவகை சிறந்தன. முதலாவது தலையணை ரேந்தை. திண்டின்மேல் மாதிரித்தாளை விரித்து, குண்டூசிகளை நட்டு, சிறு கட்டைகளிற் சுற்றிய பல நூல்களை முறுக்கியும் மாற்றியும் பின்னுவது. இதன் நிறைந்த பகுதி நெய்த துணிபோல் தோன்றும். 1813-இல் இங்கிலாந்தில் தோன்றிய லீவர்ஸ் இயந்திரத்தின் ரேந்தையிலோ, அப்பகுதி பெரும்பாலும் வரிவரியாகக் காணப்படும்.

இரண்டாவது ஊசி ரேந்தை. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் தையலை ஊசியால் அடுத்தடுத்து இட்டு அமைப்பது.

மூன்றாவது குரோஷே. கொக்கியூசியால் ஒரே நூலைக் கண்ணிக்குள் கண்ணியாய் இழுப்பது. மெய்யான குரோஷேயைச் செய்யும் இயந்திரம் இல்லை. துணிமேல் இயந்திரத் தையலிட்டு, அத்துணியை மருந்தாற் கரைத்துச் செய்யும் போலியுண்டு. அதில் ஓரங்கள் மயிரோடியிருக்கும், சங்கிலிக் கண்ணி இராது.

ஒடுங்கிய கரைகளில் மட்டும் ஐயம் மிகும். பார்மன் என்னும் இயந்திரம் தலையணை ரேந்தையின் பின்னலையே பின்னவல்லது. ஆங்கு மூலையை நோக்குக. பூவேலை அறுபடாது மூலை திரும்பின், அது பெரும்பாலும் கைவேலையே.

இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்கன்று. 1819-இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார், அங்குள்ள பெண்களுக்குத் தலையணை ரேந்தை கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்னரே இவ்வேலையின் கூலிகொண்டு தம் விடுதலையை விலைக்குப் பெற்ற பெண்டிரும் உளர். அவர்தம் வேலையிற் பெயர் பொறிக்கப்படவில்லை. நூல் சென்ற வழியே சான்று. பிசகின்மை கண்டு அதனை இயந்திரத்தின்மேல் ஏற்றின், மிகத் தேர்ந்தவளுக்கே நாம் முதலில் அநீதி இழைப்போம். ஆகவே, பெட்டியடியிற் கிடக்கும் பழஞ்சட்டையைக் கழித்தெறியுமுன், நூலை இழுத்துப் பாராது, கண்ணாடி கொண்டு ஒருமுறை நோக்குவோமாக.