குளுவாங் தூளும் வீட்டு ஃபில்டரும்

வீட்டுக் காப்பி பற்றி ஜொகூர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "குளுவாங் போனப்ப நல்ல தூளா பார்த்து வாங்கிட்டு வந்தேன். ஃபில்டர்ல போட்டா டிகாக்‌ஷன் இறங்கவே மாட்டேங்குது." ஃபில்டர் பழுது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கியவர்களும் உண்டு. பழுது ஃபில்டரில் இல்லை. தூளும் தரமானதுதான். அந்தத் தூளுக்கு அந்த ஃபில்டர் ஒத்துவராது, அவ்வளவுதான்.

நம் ஊர் காப்பிக்கடைத் தூளில் பெரும்பாலானவை சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தவை. வறுக்கும்போது சீனி கருகிக் கொட்டையின்மேல் பாகாகப் படிகிறது. கோப்பி ஓவின் கறுப்பு நிறமும் அந்தக் கருகல் இனிப்பும் வருவது இதனால்தான். வெந்நீர் பட்டதும் பாகு இளகித் தூள் களிபோலத் திரண்டு, ஃபில்டரின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. துணிப்பையில் வடிப்பதற்கென்றே செய்த வறுவல் அது. டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். குலா (சீனி), மார்ஜரின், காராம் (உப்பு) என்று இருந்தால் துணிக்கு. காப்பிக் கொட்டை மட்டும் இருந்தால் ஃபில்டருக்கு. வாங்கும்போது இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

சீனி சேராத தூளைத் தேடும்போது லைபீரிகாவைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். உலகக் காப்பி விளைச்சலில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத இனம் இது. நமக்கோ பத்து பஹாட், பொந்தியான், குளுவாங் பக்கத்து மண்ணிலேயே விளைகிறது. 1869-இல் இலங்கையில் தொடங்கிய இலைத்துரு நோய் அராபிக்கா தோட்டங்களை அழித்த பிறகு, தோட்டக்காரர்கள் மலாயாவில் நட்டுப் பார்த்த இனங்களில் இதுவும் ஒன்று. ரப்பர் வருவதற்கு முன் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் நம் முன்னோர் பலர் வேலை செய்தது காப்பித் தோட்டங்களில்தான். அராபிக்காவுக்கு மலையும் குளிரும் வேண்டும். லைபீரிகா தாழ்நிலத்திலும் கடலோரச் சதுப்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கும்.

கொட்டை பெரிது, ஒரு பக்கம் கோணலாக, நுனி கூராக இருக்கும். பழத்தின் தோலும் சதையும் தடிப்பு என்பதால், ஒரு கிலோ கொட்டைக்கு அராபிக்காவைவிட ஏறத்தாழ இரு மடங்கு பழம் தேவைப்படும். விலை சற்றுக் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அரைக்கும்போது பலாச்சுளை வாசம் எழும். அந்த வாசம் சிலருக்குப் பிடிக்காது. முதல் முறை குடித்துவிட்டுத் தூள் கெட்டுப்போயிற்று என்று சொன்னவர்களும் உண்டு. அது கெட்ட வாசம் அல்ல, அந்த இனத்துக்கே உரியது. மிதமாக வறுத்தால் அது நிற்கும். கறுக்க வறுத்தால் புகைவாசம்தான் மிஞ்சும்.

என் வீட்டில் மிதமாக வறுத்த லைபீரிகா ஆறு பங்கு, தமிழ்நாட்டிலிருந்து வரும் பீபெரி நான்கு பங்கு. தனி லைபீரிகா கறுப்புக் காப்பிக்கு அருமை. பாலோடு சேரும்போது பீபெரியின் துணை வேண்டியிருக்கிறது. சிக்கரி இதற்குத் தேவையில்லை. லைபீரிகாவுக்கு இயல்பிலேயே கனமும் கெட்டியும் உண்டு. சிக்கரி சேர்த்தால் பலா வாசம் அமுங்கிப்போகும். பழகிய நாக்கு கேட்டால் நூற்றுக்குப் பத்துக்குமேல் போக வேண்டாம். ஜொகூர் பாரு ஜாலான் துருஸ் பக்கத்து மளிகைக் கடைகளில் கிடைக்கும் இந்தியப் பாக்கெட்டுகளிலும் இந்த விகிதத்தைப் பாருங்கள். இந்தியாவில் சட்டப்படி 49 விழுக்காடு வரை சிக்கரி கலக்கலாம். எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். பாக்கெட் போட்ட தேதியையும் பார்த்துவிடுங்கள்.

மூன்று டம்ளருக்கு முப்பது கிராம் தூள், நூற்றைம்பது மில்லி தண்ணீர். ஃபில்டரின் மேல் பாத்திரம் துளி ஈரமில்லாமல் இருக்கட்டும். தூளைப் போட்டுத் தட்டிச் சமமாக்கி, காம்பு வைத்த தட்டை லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றுங்கள். தூள் உப்பிக் குமிழிவிட்டால் புதுத் தூள். அசையாமல் கிடந்தால் பழசு. அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். கால் மணி முதல் இருபது நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கினால் தூள் கொரகொரப்பு அதிகம், ஒரு மணி நேரம் ஆனால் மாவாக அரைத்திருக்கிறார்கள். மிக்சியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டிலேயே மணம் போய்விடும்.

பால், குளிரில் வைத்து விற்கும் பசும்பாலாக இருப்பது நல்லது. நாள்பட வைக்கும் பெட்டிப் பாலில் காய்ச்சிய வாடை ஏற்கெனவே ஏறியிருக்கும், அது காப்பியைத் தின்றுவிடும். பாலை ஒரே பொங்கில் இறக்கி, ஒன்றுக்கு மூன்று என்று கலக்குங்கள். டிகாக்‌ஷனை மட்டும் ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஆறிப்போனால் பாலைக் கூடுதலாகச் சூடாக்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தூள் மிகச் சீக்கிரம் பழசாகும். இரண்டு வாரத் தேவைக்குமேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். இறுக்கமான மூடிபோட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஐஸ்பெட்டியில் வைத்து அடிக்கடி வெளியே எடுத்தால், குளிர்ந்த தூளில் காற்றின் ஈரம் படிந்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி என்பதால் அதை விட்டுச் சீனி போடாத கோசோங்குக்கு மாறியவர்கள் நிறைய. ஆனால் சீனி வறுவல் தூளில் சீனியும் கலந்தே இருக்கிறது, கறுப்பாகக் குடித்தாலும் கொஞ்சம் உள்ளே போகும். உங்களுக்கும் சீனி சேராத தூள்தான் ஏற்றது.

காப்பிக்கடைச் சுவையைத்தான் வீட்டிலும் விரும்புகிறீர்கள் என்றால் தாராளமாகக் குடியுங்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938-இல் விற்கத் தொடங்கிய காப்பிக்குக் கூட்டம் சும்மா வரவில்லை. அதற்குத் துணிப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதுத் துணியை முதலில் காப்பித் தூள் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கஞ்சி வாடை போகும். பிறகு சோப்பு படக்கூடாது. வெந்நீரில் அலசினால் போதும். அரைகுறையாகக் காய்ந்து தொங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தண்ணீரில் அமிழ்த்தி ஐஸ்பெட்டியில் வைத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். அலசிய பிறகும் புளித்த வாடை வந்தால் வேறு துணி மாற்ற வேண்டியதுதான்.