ரகசிய எண் அறிந்த பிள்ளைகள்

சில மாதங்களுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் தம் கணக்கு அறிக்கையுடன் எங்கள் கிளைக்கு வந்தார். 19 நாட்களில் 159 ரூபாய், 399 ரூபாய், 799 ரூபாய் எனச் சிறு தொகைகளாக ஏறத்தாழ 11,000 ரூபாய் பற்று வைக்கப்பட்டிருந்தது. “யாரோ என் கணக்கில் புகுந்துவிட்டார்கள்” என்றார். பணம் சென்றது ஒரு விளையாட்டுச் செயலிக்கு. பரிவர்த்தனை அனைத்தும் அவருடைய கைப்பேசியிலேயே, சரியான ரகசிய எண்ணைப் பதிந்தே நடந்திருந்தன. ஏழாம் வகுப்பு படிக்கும் மகனின் நினைவு அப்போதுதான் அவருக்கு வந்தது. திரையில் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று மளிகைக்கடையில் பணம் செலுத்தும் வேலையை மகனிடம் ஒப்படைத்து, எண்ணையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தாம். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை மகன் உடனுக்குடன் அழித்துவிட்டிருக்கிறான்.

இத்தகைய இழப்பில் விதி தெளிவானது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரகசிய எண்ணைப் பிறரிடம் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு முழுவதையும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை, வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். பெற்ற பிள்ளை என்பதற்கு விலக்கு இல்லை. (இதை முகப்பில் அமர்ந்து எடுத்துரைக்கும் எங்களில் சிலரின் வீட்டிலும் பிள்ளைகளுக்கு அந்த எண் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

பணத்தைக் காட்டிலும் எங்களை உறுத்தியது அந்த 19 நாட்கள். மூன்றாம் நாளே சொல்லிவிட மகன் நினைத்தானாம். “இனி ஏதாவது செய்தால் போனைப் பிடுங்கிவிடுவேன்” என்று தந்தை முன்பே எச்சரித்திருந்ததால் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லியிருந்தால் இழப்பு ஆயிரத்தைத் தாண்டியிராது. மோசடியில் இந்த மௌனம் இன்னும் பெரிய கேடு. ஏமாற்றிப் பறிக்கப்பட்ட பணம் கைமாறுவதற்குள் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. திட்டுக்கு அஞ்சும் பிள்ளை அந்த நேரத்தைக் கடத்திவிடுகிறது. ஆகவே தவறு செய்தாலும் முதலில் நம்மிடம் வரலாம் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்கு முன்கூட்டியே அளித்தாக வேண்டும். கண்டிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் நுழையும் வயதினருக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. “உன் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் கொடு, கமிஷன் தருகிறோம்” என்று சமூக ஊடகத்தில் தூண்டில் போடுகிறார்கள். அக்கணக்கின் வழியே செல்வது பிறரிடம் திருடிய பணம். கணக்கு முடக்கப்படும், காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான். இதை மட்டும் பிள்ளைகளிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள்.

நம் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குக் கொடுப்பதைவிட, பிள்ளைக்கென ஒரு கணக்கு இருப்பது நல்லது. 10 வயது நிறைந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளது. உச்ச வரம்பை அந்தந்த வங்கி வகுக்கும். இருப்புக்கு மேல் எடுக்க இயலாது. மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டுவைத்தால், தவறு நேர்ந்தாலும் போவது அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அந்த அறிக்கையைப் பிள்ளையுடன் சேர்ந்து பாருங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள்.

கணக்கு தொடங்க வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை அவர்களே நிரப்பட்டும், எங்களுக்கு அவசரமில்லை.