டைனமோ ரேடியோவும் பீலித் தண்ணீரும்



இந்தப் பாடம் ரேடியோப் பெட்டியைப் பற்றியது. பாட்டுக் கேட்கிற பெட்டிக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன நம்ம சனங்கள் கனகராயன்குளம் பக்கமும் இருக்காங்க. 1990ல் போர் மறுபடி மூண்டபோது, புலிகள் கையிலிருந்த பகுதிகளுக்குக் கொண்டுபோகக் கூடாத சாமான்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. டோர்ச்சுக்கும் ரேடியோவுக்கும் போடுகிற பற்றரி அதில் ஒன்று. வெடி வைக்க உதவும் என்பது காரணம். மின்சாரமும் கிடையாது. அப்ப ரேடியோ எப்படிப் பேசும்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருத்தர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் மற்றவங்க செய்தி கேட்டாங்க. ராத்திரி பி.பி.சி. தமிழோசை நேரத்துக்கு அக்கம்பக்கமே ஒரு முற்றத்தில் கூடிவிடும். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். 2002 தொடக்கத்தில் அந்தத் தடை எடுபடும் வரைக்கும் இதுதான் நிலைமை.

ரேடியோ கேட்கக் கூடாது என்று அந்தப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. பற்றரியைத்தான் நிறுத்தினாங்க. ஆனால் கட்டு விழுந்தது கேட்கிறவர் காதுக்கு.

அப்படியென்றால் சட்டமே வேண்டாமா? வேணும். லயத்துப் பீலியை நினைச்சுப் பாருங்க. ஒரு பீலி, ஐம்பது குடும்பம். வரிசை இல்லாவிட்டால் குடம் உடையும். அலைவரிசையும் அப்படித்தான். இருப்பது கொஞ்சம், இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் ஏறினால் இரண்டுமே கேட்காது. அதனால்தான் லைசன்ஸ். தகராறு எங்கே வருகிறது என்றால், வரிசை பார்க்க நின்றவர் தனக்கு வேண்டியவங்க குடத்தை மட்டும் வைக்கிறபோதுதான்.

கெடுபிடி அதிகமானால் வியாபாரமும் இடம் மாறும். இந்தியாவில் 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று நினைத்தவர். படக் கம்பெனிகளோடும் தகராறு வந்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு காணாமல் போனது. சனங்கள் கேட்பதை விட்டாங்களா? இல்லை. முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினாங்க. இங்கே 1950ல் தொடங்கிய வர்த்தக சேவைக்கு அது பெரிய யோகம். அமீன் சயானி பம்பாயில் பதிவு செய்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி, பினாகா பற்பசை விளம்பரத்தோடு, கொழும்பிலிருந்து இந்தியா முழுக்கப் போனது. தமிழ்நாட்டிலும் நம்ம மயில்வாகனன் குரலுக்குக் காத்திருந்தாங்க. விளம்பரக் காசு கடல் தாண்டி வந்தது. கடைசியில் 1957ல் விவித பாரதியைத் தொடங்கி, இந்திய அரசே சினிமாப் பாட்டுப் போட வேண்டியதாயிற்று. விளம்பரம் எடுக்க 1967 ஆனது. ஒரு அமைச்சருடைய ரசனைக்கு இவ்வளவு விலை!

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நேயர்கள் டெலிபோனில் பேசலாம், கேள்வி கேட்கலாம். 1995 பெப்ரவரியில் அதைத் திடீரென்று நிறுத்திட்டாங்க. நிலையத்துக்காரர் யாருமல்ல, பெர்னாண்டோ என்கிற ஒரு நேயர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1996ல் அவர் பக்கம் தீர்ப்பானது. சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் என்பதற்காக அல்ல. அதில் பேசிப் பங்கெடுத்தவர் என்பதால், அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

அடுத்த வருஷம், 1997ல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தது. தனியார் நிலையங்களுக்கு வருஷா வருஷம் லைசன்ஸ். கொடுக்கிற சபையோ அமைச்சர் கைக்கு எட்டுகிற தூரத்தில். கோபுரம் கட்டி, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ என்றால் யார் முதல் போடுவாங்க? போட்டவரும் வாயைத் திறக்கப் பயப்படுவார். அலைவரிசை பொதுமக்கள் சொத்து, அதைப் பங்கிடுகிறவர் சுதந்திரமாக இருக்கணும் என்று உயர் நீதிமன்றம் சொல்லி, சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. அது சட்டமாகவில்லை. 1998ல் சூரியன், சக்தி போன்ற தனியார் தமிழ் எப்.எம். நிலையங்கள் வந்தன. 2023ல் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு என்று வேறொரு வரைவு வந்தபோதும், சபை யார் கையில் என்ற அதே கேள்விதான் எழுந்தது.

நமக்கு இதில் என்ன வேலை? உங்களுக்குப் பிரயோசனமான அரசாங்க ரேடியோ நிகழ்ச்சி எதுவானாலும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீங்க. கடிதம் போடுங்க, டெலிபோன் எடுங்க. கடிதத்தின் கொப்பி ஒன்றை வீட்டில் வைங்க. பேசிய திகதியைக் கலண்டரில் குறிங்க. நிகழ்ச்சி காரணமில்லாமல் நின்றுபோனால் அந்தத் திகதியையும் எழுதுங்க. ஏனென்றால் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. கொழும்புக்குப் போக வசதியில்லாதவங்க அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். அங்கே விசாரணை நடக்கிற நாட்கள் அந்தத் தவணையில் சேராது.