பொன்னி கற்றுத் தந்த பாடம்

(அறிவியல் மன்ற மாணவியர், ஒன்பதாம் வகுப்பு)

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு ஆறு விருந்தாளிகள் வந்தனர். பொன்னிற மேனி, பட்டுத் துணி போன்ற வால், இமைக்காத கண்கள். ஆம், தங்கமீன்கள்! மன்றத்துச் சேமிப்பிலிருந்து வாங்கிய அவற்றை ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, சன்னல் ஓரம் வைத்தோம். இடைவேளை மணி அடித்ததும் அங்கேதான் கூட்டம். ஒருத்தி பொரி போட்டாள். ஒருத்தி இட்லித் துண்டு போட்டாள். வேறொருத்தி வீட்டிலிருந்து பிஸ்கட் கொண்டு வந்தாள். தண்ணீர் கலங்கியபோது கிண்ணத்தை முழுவதும் கவிழ்த்துக் கழுவி, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினோம்.

பத்தே நாட்களில் ஐந்து மீன்கள் மாண்டன. எஞ்சிய ஒன்றும் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் ஓடினோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “நீங்கள் அன்பில் குறை வைக்கவில்லை, அறிந்துகொள்வதில் குறை வைத்தீர்கள். இந்த ஒரு மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது என்று கண்டுபிடித்து வாருங்கள்” என்றார்கள். அந்தத் தேடலில் நாங்கள் அறிந்தவையே இக்கட்டுரை. பிழைத்த மீனுக்குப் பொன்னி என்று பெயரிட்டோம்.

தங்கமீன் வந்த கதை

தங்கமீன் கெண்டை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. 1758இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதை விவரித்துப் பெயரிட்டார். இன்றைய அறிவியற் பெயர் கராசியஸ் ஆரட்டஸ். இதன் தாயகம் சீனா. இதன் முன்னோர் சாம்பல் கலந்த பச்சை நிறமுடைய சாதாரண உணவு மீன்களே. அவற்றுள் எப்போதாவது ஒன்று இயற்கையின் மாறுதலால் செம்மஞ்சள் நிறத்துடன் பிறக்கும். அத்தகைய மீன்களைச் சீன மக்கள் தனியே பிரித்துக் குளங்களில் வளர்த்தனர். சோங் மரபினர் ஆண்ட காலத்தில் (960–1279) இந்த வளர்ப்பு நன்கு வேரூன்றியது. மிங் மரபினர் காலத்தில் (1368–1644) வீட்டுத் தொட்டிகளிலும் சாடிகளிலும் வளர்த்ததால், இரட்டை வால் போன்ற புது வடிவங்கள் கண்ணில் பட்டன. அவற்றையும் தேர்ந்து பெருக்கினர். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கும், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்கும் தங்கமீன் பயணம் செய்தது.

இன்று நம் தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பெயர் பெற்றது. அங்கும் சுற்றுப்புறத்திலும் பல குடும்பங்கள் மீன் குஞ்சு வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டுள்ளன. பாலிதீன் பையில் நீரும் பிராணவாயுவும் நிரப்பி மீன்களை வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர்.

உடலின் விந்தைகள்

தங்கமீனுக்குக் கண் இமை இல்லை. ஆகவே அது உறங்கும்போதும் விழித்திருப்பது போலவே தோன்றும். அதற்கு வயிறு என்னும் இரைப்பை இல்லை. உண்ட உணவு நேரே குடலுக்குச் செல்கிறது. எனவே அது ஒரே வேளையில் நிறைய உண்ணத் தக்கதன்று. பற்கள் வாயில் இல்லை, தொண்டையில் உள்ளன. உடலினுள் உள்ள காற்றுப்பை, நீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்க உதவுகிறது. அந்தப் பையைச் செவியோடு சிறு எலும்புகள் இணைப்பதால், தொட்டியைத் தட்டும் ஓசை அதற்கு நன்றாகக் கேட்கும். வேடிக்கைக்காகக் கண்ணாடியைத் தட்டுவது அதைத் துன்புறுத்துவதாகும்.

“தங்கமீனுக்கு நினைவு மூன்று விநாடிதான்” என்று சொல்வார்கள். இதை நாங்களே சோதித்தோம். உணவிடும்போதெல்லாம் தொட்டியின் ஒரு மூலையில் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டினோம். மூன்று வாரத்தில், மூடியைக் கண்டதும் பொன்னி அந்த மூலைக்கு நீந்தி வந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்து காட்டியபோதும் அது மறக்கவில்லை. விடுமுறையில் வாய்ப்பாட்டை மறந்து வந்த எங்களில் சிலருக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது!

ஐந்து மீன்கள் ஏன் இறந்தன?

மீன் தன் செவுள் வழியே அம்மோனியா என்னும் கழிவை நீரில் விடுகிறது. தின்னாமல் விட்ட பொரியும் இட்லியும் அழுகி அதே அம்மோனியாவைப் பெருக்குகின்றன. இது செவுளை அரிக்கும் நஞ்சு. நாட்பட்ட தொட்டியில் கூழாங்கற்களிலும் வடிகட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட் ஆக்கும். இது அதிகத் தீங்கற்றது. இப்பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இது நமக்குப் புதிதன்று. கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் கொடிகளுக்கு எரு இடுகிறோம் அல்லவா? அந்த எருவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கி வேர்களுக்கு ஊட்டுவதும் மண்ணில் வாழும் இதே வகைப் பாக்டீரியாக்களே. பந்தலில் தொங்கும் குலைக்கும் தொட்டியில் நீந்தும் மீனுக்கும் அவை கண்ணுக்குத் தெரியாமல் தொண்டு செய்கின்றன.

நாங்கள் என்ன செய்தோம்? சிறு கிண்ணத்தில் ஆறு மீன்களை அடைத்தோம். உணவை அள்ளிப் போட்டோம். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின் மீனின் செவுளையும் பாக்டீரியாக்களையும் சிதைக்கும் என்று அறியாமல் அப்படியே ஊற்றினோம். போதாக்குறைக்குக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, வந்து சேர்ந்த சில பாக்டீரியாக்களையும் விரட்டினோம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை ஐந்து உயிர்களைக் கொடுத்துக் கற்றோம்.

வளர்க்கும் முறை

ஆய்வுக்கூடப் பரணில் கிடந்த மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியைச் சோப்பு இடாமல் கழுவிப் பொன்னிக்கு வீடாக்கினோம். பின்னர் துணைக்கு ஒன்றை மட்டும் வாங்கி விட்டோம். நாங்கள் பின்பற்றும் முறைகள் இவை:

1. ஒரு தங்கமீனுக்கே ஏறத்தாழ 75 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி நல்லது. இரண்டு வளர்ப்போர் இன்னும் பெரிய தொட்டி தேடுக. நீண்ட உடல் கொண்ட வகை 20 செ.மீ.க்கு மேலும் வளரும்.

2. குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். பின்னரே தொட்டியில் ஊற்றுக.

3. வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றுக. புதுத் தொட்டியானால் முதல் ஆறு வாரம் வாரம் இருமுறை மாற்றுக. எடுத்த நீர் எங்கள் பள்ளி ரோஜாச் செடிகளுக்கு உரமாகிறது.

4. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு இடுக. மீன் தீவனத்தோடு, தோல் நீக்கி வேக வைத்த பட்டாணியும் தரலாம்.

5. வெயில் நேரே படும் சன்னல் வேண்டாம். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். காற்று பம்பு ஒன்று பொருத்துக.

6. வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

இவ்வாறு பேணினால் தங்கமீன் பல ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது! ஆகவே வாங்குமுன் பெற்றோரும் சற்று யோசிக்க வேண்டும். பிறந்த நாளுக்கு வாங்கித் தந்து மறந்துவிடும் பொம்மையன்று இது.

வாய்க்காலில் விடலாமா?

கோடை விடுமுறை நெருங்கியதும், “மீன்களை வாய்க்காலில் விட்டுவிட்டால் சுதந்திரமாக வாழுமே” என்றாள் எங்களில் ஒருத்தி. எங்களுக்கும் அது கருணையாகவே பட்டது. சிஸ்டர் கூடாது என்றார்கள். அமெரிக்காவில் பர்ன்ஸ்வில் என்ற ஊரில் மக்கள் ஏரியில் விட்ட தங்கமீன்கள் பெருத்துப் பெருகி, அடியிலுள்ள செடிகளைப் பிடுங்கி நீரைக் கலக்கியதால், இனி யாரும் விட வேண்டாம் என்று 2021இல் அந்நகர நிர்வாகமே எச்சரித்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான் நம் பள்ளத்தாக்கு பசுமையாயிற்று. அந்தப் பெரியாற்று நீரில், உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் இனங்கள் உள்ளன. வெளியிலிருந்து வந்து சேர்ந்த திலேப்பியா முதலிய மீன்கள் அவற்றின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாகிவிட்டன. நம் வாய்க்காலில் விடும் மீனும் ஆற்றோடு போய் வைகையைச் சேரலாம். அங்குள்ள நாட்டு மீன்களுக்கு நாமே தொல்லை கொடுக்கலாமா?

ஆகவே விடுமுறையில் மடத்துச் சகோதரிகள் தொட்டியைப் பார்த்துக்கொண்டனர். நாங்களும் முறை வைத்து வாரம் ஒரு நாள் வந்து நீர் மாற்றினோம். பொன்னியும் அதன் துணையும் இன்று நலமாக உள்ளன. இறந்த ஐந்து மீன்களையும் ரோஜாச் செடியடியில் புதைத்திருக்கிறோம். அவ்வழியே செல்லும்போதெல்லாம், ஓர் உயிரை வீட்டிற்கு அழைக்குமுன் அதன் தேவை என்னவென்று கேட்டறிய வேண்டும் என்பதை நினைத்துக்கொள்கிறோம். தங்கைகளே, ஆய்வுக்கூடத்திற்கு வந்து பொன்னியைப் பாருங்கள். சிவப்பு மூடியைக் காட்டுங்கள். ஆனால் பொரி மட்டும் கொண்டு வராதீர்கள்!