வானொலியும் கேட்போர் மன்றமும்

சின்னாளப்பட்டியில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரும், மன்னவனூரில் பூண்டுப் பாத்திக்குக் களை எடுக்கும் விவசாயியும் ஒரே குரலைக் கேட்கக்கூடும். அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம், 100.5 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோவாட் திறனுடன் ஒலிபரப்புகிறது. ‘கோடை பண்பலை’ என்றால் நம் பக்கத்தில் அறியாதார் இல்லை. மலைமீது நிற்பதால் அதன் ஒலி சமவெளியில் பல மாவட்டங்களை எட்டுகிறது. ஆயினும் பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் இயல்பினது. தொலைவிலுள்ள நகரத்தில் தெளிவாகக் கேட்கும் ஒலி, அருகிலேயே ஒரு முகட்டின் மறைவில் கிடக்கும் சிற்றூரில் மங்கிவிடலாம். நம் நிலைமையும் ஏறத்தாழ இதுவே. மலையிலிருந்து பேசுகிறார்கள், மலையில் உள்ளவர் பேசுவது குறைவு.

வானொலியைக் கேட்பதோடு நில்லாமல், அதைக்கொண்டு ஊரார் கூடிப் பேசுவது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

இது புதிதன்று. கானடா நாட்டில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றங்கள் நடைபெற்றன. அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர், விவாதிப்பர், முடிவை எழுதி நிலையத்துக்கு அனுப்புவர். யுனெஸ்கோவின் துணையுடன் 1956-இல் புனாவைச் சூழ்ந்த மாவட்டங்களில், 150 கிராமங்களில் இம்முறை சோதிக்கப்பட்டது. நிகழ்ச்சிகள் மொத்தம் 20. ஒவ்வொன்றும் அரைமணி நேரம். தொடக்கத்திலும் முடிவிலும் மக்களிடம் வினாக்கள் கேட்டுப் பார்த்தார்கள். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி சொற்பமே. அங்கத்தினர்கள் இதைக் கருத்தில் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். பெட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கேட்டபின் கலைந்தார்களா, உட்கார்ந்தார்களா என்பதில்தான் வேற்றுமை.

1959 முதல் இம்மன்றங்கள் நாடெங்கும் பரப்பப்பட்டன. பின்னர் ஊக்கம் குன்றிப் பல உறங்கிவிட்டன. நம் பஞ்சாயத்து வானொலி அறைகளின் கதையும் அதுவே. மாலையில் சினிமாப் பாட்டு முடிந்ததும் கதவு சாத்தப்படும். பாட்டைக் குறை சொல்வதற்கில்லை, நாமும் கேட்டவர்களே. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியே ஏ.டி.டி. 27 நெல் தஞ்சை வயல்களில் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றதையும் மறப்பதற்கில்லை.

நிற்க. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006-இல் பொதுநலச் சங்கங்களுக்கும் அனுமதி உண்டு என்று விதி விரிந்தது. தெலங்கானப் பகுதியில் மாச்னூர் என்னும் ஊரில், 2008 முதல் தலித் உழவர் பெண்களே விதையையும் சமையலையும் தங்கள் பாட்டையும் பற்றித் தங்கள் பேச்சு வழக்கிலேயே ஒலிபரப்பினர். பாம்பனில் 2016-இல் ‘கடல் ஓசை’ மீனவர்க்கென எழுந்தது. இத்தகைய நிலையங்களின் திறன் 100 வாட். ஒரு சில ஊர்களுக்கே கேட்கும். அந்தச் சிறுமைதான் அதன் பயன். பளியர் பேச்சையோ, பாவு ஓட்டும் முதியவளின் பாட்டையோ பத்து மாவட்டம் கேட்கும் நிலையம் நாள்தோறும் எடுத்துக்கொள்ள இயலாது.

ஆயினும் ஒரு வேலி உண்டு. சமுதாய வானொலி தானே செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பலாகாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். வானிலை, திருவிழா, உள்ளாட்சி தரும் குடிநீர், மின்சார அறிவிப்புகள் ஆகியவற்றைச் சொல்லலாம். நாளை குழாயில் நீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வரவில்லை, வரி எங்கே போயிற்று என்று கேட்கத் தொடங்கினால் நிலையத்தார் விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இது குடிமக்களுக்குப் பொருந்தாத தடை என்பது நம் கருத்து.

ஆனால் கூடத்தில் அமர்ந்து பேச எந்த உரிமமும் வேண்டியதில்லை. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு காரணமாக 2001-இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016-இல். இடைப்பட்ட ஆண்டுகள் முழுதும் அவர்கள் கூடிப் பேசியும், எழுதியும், கேட்டும் வந்தனர். உள்ளூர்ப் பேச்சு எத்தனை நாள் நீடிக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் நம் மலையில் இல்லை.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் 15 அல்லது 20 பேர் கொண்ட மன்றம் ஒன்றை ஏற்படுத்தலாம். பெண்களும் அதில் இருத்தல் அவசியம். நூல் சுற்றுவோரும் பூண்டு தரம் பிரிப்போரும் அவர்களே. தலைவர் ஒருவர் போதும், ஆனால் குறிப்பெழுதுவோர் கட்டாயம் வேண்டும். எழுதப்படாத பேச்சு மறுமாதம் முதலிலிருந்து தொடங்கும். வாரம் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்து கேட்டபின், பெட்டியை அணைத்துவிட்டு அரைமணி பேசுக. தெளியாத வினாவை நிலையத்துக்கு அஞ்சலில் எழுதுக.

முதற்கூட்டத்துக்கு ஒரு பொருள் தருகிறோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டால் நம் ஊர் விளைவிப்பவர் கைக்கு வந்த பயன் யாது? வராதிருப்பின், இடையில் நிற்பது யார்? நெசவாளர் சங்கங்கள் இதே வினாவைத் தங்கள் சேலைக்குக் கேட்டுக்கொள்ளலாம். விடைகளை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுவோம்.