மூச்சு வாங்கினால் நடக்கலாமா?

கேள்வி: வார்ப்படத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது சி.ஓ.பி.டி.யும் (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) சர்க்கரையும் இருக்கின்றன. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வீட்டில் 'ஓய்வெடு' என்கிறார்கள். நடந்தால் நுரையீரல் இன்னும் கெடுமா?
– வாசகர், புதுவாயல்

பதில்: கெடாது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை சீக்கிரம் களைத்துப்போய் மூச்சை இன்னும் வாங்க வைக்கும். இழந்த நுரையீரல் திறன் பெரும்பாலும் திரும்பாது. கால் தெம்பு திரும்பும், அதனாலேயே இரைப்பு குறையும்.

'ஓய்வே மருந்து' என்பது சானடோரியம் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனை) காலத்து நம்பிக்கை. காசநோய்க்கே அது கட்டாயமில்லை என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959லேயே காட்டியது: வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள்.

முதலில் இதயப் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை), 6 நிமிட நடைச் சோதனை மூன்றையும் முடியுங்கள். பிறகு பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். இரைத்தால் நின்று, மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் பயிற்சிதான். 6 முதல் 12 வாரத்தில் வித்தியாசம் தெரியும். நெடுஞ்சாலை ஓரம் மட்டும் வேண்டாம். லாரிப் புகை பீடிக்குத் தம்பி. ஊர்த் தெருவே நல்லது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்பது வதந்தி, நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவரானால் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். நெஞ்சுவலியோ உதட்டில் நீலமோ தெரிந்தால் உடனே 108.