கூத்துக் களரியும் கலைக் கூட்டுறவும்

கலையென்பது ஓரினத்தார்க்கே உரிய முதுசொம். பிறர் கைபடின் அது மாசுறும் என்று எண்ணுவோர் உளர். நம் வாவிக்கரைக் கூத்தின் வரலாறு இக்கூற்றை மறுக்கின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்கள் வழங்குகின்றன. அண்ணாவியார் மத்தளம் முழக்க, சதங்கை கட்டிய கூத்தர் வட்டக்களரியில் விடியுமட்டும் ஆடுவர்.

தமிழ்க் கூத்து மரபு மேலைக் கரையோரக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்கள மக்களிடமும் பரவி, அவர்தம் 'நாடகம' என்னும் கூத்துக்கு அடிப்படையாயிற்று. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 3ஆந் திகதி, எதிரிவீர சரச்சந்திர அவர்கள் 'மனமே' நாடகத்தைக் கொழும்பில் அரங்கேற்றினார். கதை புத்த சாதகக் கதை. ஆட்டமும் பாட்டும் அந்நாடகம மரபின. அம்மரபை அவருக்கு உணர்த்தியவர் அம்பலாங்கொடைச் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருநாசே என்னும் நாட்டுப்புற ஆசான்.

'மனமே' பெற்ற வெற்றி, அதே பல்கலைக்கழகத்துத் தமிழறிஞர் சு. வித்தியானந்தன் அவர்களை நம் கூத்தின்பால் ஈர்த்தது. 1962இல் அவர் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பயிற்றினார். இரவு முழுவதும் நிகழும் கூத்துச் சுருக்கப்பட்டது. ஆட்டமும் தாளமும் கைவிடப்படவில்லை. 'இராவணேசன்' முதலியன பின்னர்த் தோன்றின.

இவற்றால் நாம் அறிவது யாது? தமிழர் கொடுத்ததைச் சிங்களவர் பேணினர். அவர் பேணிய முறை கண்டு தமிழர் தம் பொருளின் அருமை உணர்ந்தனர். எனினும் இக்கூட்டுறவு பகையைத் தடுத்தது எனக் கூறோம். 1958ஆம் ஆண்டுக் கலவரமும், 1983இன் பின் மூண்ட நெடும்போரும் யாவரும் அறிந்தனவே. கலை பகையை ஒழித்திலது. ஆயின் ஒருவர்க்கொருவர் பட்ட கடனை மறக்க விடாது காத்தது.

இக்கொடுக்கல் வாங்கலுக்கு வேர் நாட்டுப்புற ஆசான்களே. ஊர்க் களரிகள் ஓய்ந்துவிடின், பிறரோடு பகிர்தற்கு நம்மிடம் யாது எஞ்சும்? ஆதலின் மாணாக்கர் விடுமுறையில் தம்மூர் அண்ணாவியாரை அடைந்து ஒரு வரவுத் தாளமேனும் பயில்வாராக. அயலார் கூத்தையும் சென்று காண்பாராக. கொடுப்பதற்கு ஒன்றுடையாரே நாணாது கொள்ளவும் வல்லார்.